கணினிக்கு ஐபி முகவரி கிடைக்கவில்லையா? 169.254 என்று காட்டினால் என்ன செய்ய வேண்டும்?

"மக்களே, நெட்டு கிட்டல்ல. போன்ல வைஃபை கோடு எல்லாம் முழுசா நிக்குது, ஆனா கம்ப்யூட்டர்ல ஒண்ணும் திறக்கல்ல."

குளச்சலில் இருக்கும் என் பெரியம்மா போன மழைக்காலத்தில் போனில் சொன்னது இது. நாகர்கோவிலில் கணினி, நெட்வொர்க் வேலை பார்க்கிறேன். மாவட்டத்தின் எந்த மூலையிலிருந்து அழைப்பு வந்தாலும் பாதிக் கதை இப்படித்தான் தொடங்கும். கேட்டவுடன் எல்லோருக்கும் கை போவது கேபிள்காரரின் நம்பருக்கு. ஆனால் பல நேரங்களில் வெளியிலிருந்து வரும் லைன் நன்றாகவே இருக்கும். வீட்டுக்குள் கணினிக்கும் ரவுட்டருக்கும் இடையில் நடக்க வேண்டிய ஒரு சின்னப் பேச்சுவார்த்தை நடக்காமல் போயிருக்கும். அது நடந்ததா, நடக்கவில்லையா என்று தெரிந்துகொள்ள 2 நிமிடம் போதும். கறுப்புத் திரையில் இதுவரை ஒரு கட்டளைகூட அடித்துப் பார்க்காதவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், அந்தப் பேச்சுவார்த்தை என்ன?

கன்னியாகுமரியில் இரவு பஸ்ஸை விட்டு இறங்கும் ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். எந்த லாட்ஜில் யார் இருக்கிறார்கள் என்று தெரியாது. தெருவில் நின்று "ரூம் இருக்கா?" என்று பொதுவாகக் கேட்கிறார்கள். ஒரு வரவேற்பாளர் "203 காலியா இருக்கு" என்கிறார். "சரி, அதையே தாங்க" என்கிறார்கள் இவர்கள். அவர் பேரேட்டில் எழுதி, சாவியைக் கொடுத்து, "நாளைக்கு 12 மணி வரைக்கும்" என்கிறார்.

கணினி நெட்வொர்க்கில் சேரும்போதும் இதே 4 படிகள்தான். அதற்கென்று சொந்த முகவரி (ஐபி முகவரி என்பது நெட்வொர்க்கில் அந்தக் கணினியைக் குறிக்கும் எண்) இன்னும் இல்லாததால், யாரையும் குறிப்பிடாமல் நெட்வொர்க் முழுவதற்கும் கேட்கும்படி ஒரு கேள்வியை அனுப்புகிறது. முகவரி கொடுக்கும் பொறுப்பில் இருப்பவர் (வீட்டில் பெரும்பாலும் ரவுட்டர்தான்) ஒரு எண்ணை முன்வைக்கிறார். கணினி அதைக் கேட்டு வாங்குகிறது. ரவுட்டர் உறுதி செய்கிறது. இந்த ஏற்பாட்டுக்குப் பெயர் டிஎச்சிபி. இன்றும் நாம் பயன்படுத்தும் அதன் விதிமுறை 1997இல் வெளியானது. லாட்ஜ் அறையைப் போலவே இந்த எண்ணும் குறிப்பிட்ட நேரத்துக்கு மட்டும்தான். பாதி நேரம் கழிந்ததும் கணினி தானாகவே "நீட்டித்துத் தாருங்கள்" என்று கேட்டுக்கொள்ளும்.

கேட்டும் யாரும் பதில் சொல்லவில்லை என்றால்? சில தடவை கேட்டுப் பார்த்துவிட்டு, விண்டோஸ் தானே 169.254 என்று தொடங்கும் ஒரு எண்ணை எடுத்து வைத்துக்கொள்ளும். விண்டோஸ் 98 காலத்திலிருந்தே இந்தப் பழக்கம் இருக்கிறது. அறை கிடைக்காமல் திண்ணையில் படுத்துக்கொள்வது போல. அந்த எண்ணை வைத்துக்கொண்டு இணையத்துக்குப் போக முடியாது.

அதனால் 169.254 என்று பார்த்தால் அதற்கு ஒரே ஒரு பொருள்தான்: கணினி கேட்டது, பதில் வந்து சேரவில்லை. கேள்வி போகாமல் நின்றதா, பதில் சொல்ல ஆள் இல்லையா, பதில் வழியில் தொலைந்ததா என்று கண்டுபிடிப்பதுதான் நம் வேலை முழுவதும். இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே சொல்வது எதையும் மனப்பாடம் செய்ய வேண்டாம்.

எண்ணைப் பாருங்கள்

எதையும் கழற்றும் முன், அணைக்கும் முன், எண்ணைப் பார்த்துவிட வேண்டும். இதில் நான் பிடிவாதக்காரன். ரவுட்டரை அணைத்துப் போட்டபிறகு பார்த்தால் பழைய தடயம் போய்விடும்.

கீபோர்டில் விண்டோஸ் பட்டனைப் பிடித்தபடி ஆர் எழுத்தை அழுத்துங்கள். வரும் சிறு பெட்டியில் சி எம் டி (டெல்லியின் டி) என்ற 3 எழுத்தை அடித்து என்டர் தட்டினால் கறுப்புத் திரை வரும். கட்டளைகளை ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும் என்பதால், போனில் சொல்வது போல எழுத்தெழுத்தாகச் சொல்கிறேன். ஐ பி சி ஓ என் எஃப் ஐ ஜி. இடையில் இடைவெளி வேண்டாம். என்டர்.

நிறைய வரிகள் ஓடும், பயப்பட வேண்டாம். ஐபிவி4 அட்ரஸ் என்று இருக்கும் வரி மட்டும் போதும். வைஃபையில் இருக்கிறீர்கள் என்றால் வைஃபை என்ற தலைப்பின் கீழும், கேபிளில் இருக்கிறீர்கள் என்றால் ஈதர்நெட் என்ற தலைப்பின் கீழும் பாருங்கள். தலைப்பை மாற்றிப் பார்த்துவிட்டு அரைமணி நேரம் வீணாக்கியவர்கள் நிறையப் பேர்.

அங்கே 192.168 என்றோ 10 என்றோ தொடங்கும் எண் இருந்தால், பெரும்பாலும் முகவரி ஒழுங்காகக் கிடைத்துவிட்டது என்று அர்த்தம். பிரச்சினை வேறு இடத்தில், அநேகமாக வெளி லைனில். அப்போது கேபிள்காரரை அழைப்பது நியாயம். மீடியா டிஸ்கனெக்டட் என்று இருந்தால் கேபிளோ வைஃபையோ இணையவே இல்லை. ஆட்டோகான்ஃபிகரேஷன் என்ற சொல்லோடு 169.254 இருந்தால், நாம் தேடிவந்த நோய் அதுதான். அந்த எண்ணை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்து, அதே வைஃபையில் வீட்டில் இருக்கும் ஒரு போனை எடுங்கள். மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு வைஃபையில் மட்டும் ஏதாவது திறக்கிறதா பாருங்கள். போன் வேலை செய்கிறது, கணினி மட்டும் இல்லை என்றால் கோளாறு கணினிப் பக்கம். போனும் "ஐபி முகவரியைப் பெறுகிறது" என்ற இடத்திலேயே சுற்றிக்கொண்டு நின்றால் கோளாறு ரவுட்டர் பக்கம். இந்த ஒரு சோதனை பாதி வேலையைக் குறைத்துவிடும்.

அணைத்துப் போடுவதற்கும் முறை இருக்கிறது

எல்லோரும் செய்வதுதான், ஆனால் அவசரமாகச் செய்வார்கள். கணினி, ரவுட்டர், ஃபைபர் பெட்டி மூன்றையும் அணையுங்கள். இன்வெர்ட்டரில் ஓடும் வீடுகளில் சுவிட்சைத் தட்டினாலும் சில நேரம் பெட்டி அணையாது. விளக்கு அணைந்ததைக் கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். 30 விநாடி விட்டு முதலில் ஃபைபர் பெட்டி, அதன் விளக்குகள் நிலைத்ததும் ரவுட்டர், 2 நிமிடம் கழித்துக் கணினி. முகவரி கொடுப்பவர் எழுந்து உட்காரும் முன்பே கேட்பவர் கேட்டுவிட்டுப் படுத்துக்கொண்டால் பயனில்லை அல்லவா? (பல வீடுகளில் இப்போது ஃபைபர் பெட்டியும் ரவுட்டரும் ஒன்றே. அப்படியானால் வேலை இன்னும் எளிது.)

கடல்காற்று செய்யும் வேலை

பெரியம்மா வீட்டுக்கு வருவோம். போன் வேலை செய்தது. மேசைக் கணினி, கேபிளில் இணைந்தது, அது மட்டும் 169.254 காட்டியது. கேபிள் செருகும் இடத்தில் பச்சை விளக்குகூட எரிந்தது. விளக்கு எரிவதைப் பார்த்துக் கேபிள் நல்லது என்று முடிவு கட்டியது என் தவறு. ஒரு மணி நேரம் கணினியின் அமைப்புகளைக் கிண்டிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் கேபிளை உருவி, செருகியின் முனையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தபோதுதான் தெரிந்தது. கண்ணாடி போன்ற அந்தச் சிறு பிளாஸ்டிக் தலைக்குள் 8 பொன்னிறத் தகடுகள் இருக்கும். அதில் மூன்றாவது தகட்டின் நுனியில் வெண்கலக் குத்துவிளக்கில் பிடிக்கும் களிம்பு போலப் பச்சையாகப் படிந்திருந்தது. கடலைப் பார்த்த ஜன்னல், அதன் அடியிலேயே ரவுட்டர். பொன் முலாம் மெல்லியது. உப்புக்காற்று அதைத் தாண்டி உள்ளே இருக்கும் உலோகத்தைத் தின்றுவிடும். சாதாரண 100 எம்பிபிஎஸ் இணைப்புக்கு 1, 2, 3, 6 ஆகிய 4 கம்பிகள்தான் வேலை செய்கின்றன. அவற்றில் ஒன்று இப்படி அரைகுறையானால் விளக்கு எரியும், பேச்சு மட்டும் போய்ச் சேராது.

குளச்சல், முட்டம், மணக்குடி, ராஜாக்கமங்கலம் என்று கரையோரத்தில் இருப்பவர்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன்: வேறு எதையும் தொடும் முன் நல்லதென்று தெரிந்த இன்னொரு கேபிளைப் போட்டுப் பாருங்கள். ரவுட்டரிலும் வேறு துளைக்கு மாற்றிப் பாருங்கள். களிம்பைச் சுரண்டித் துடைத்தால் கொஞ்ச நாள் ஓடும், அப்புறம் திரும்ப வரும். அந்த முனையை வெட்டிவிட்டு கிரிம்பிங் டூலால் புதுத் தலை போடுவதே சரி. பெரியம்மா வீட்டில் அப்படிச் செய்து, ரவுட்டரைக் கடல் பக்கச் சுவரிலிருந்து உள் அறைக்கு மாற்றினேன். செருகியின் மேல் இருக்கும் சிறு நாக்கு ஒடிந்திருந்தாலும் தலையை மாற்றிவிடுங்கள். விளக்குமாறு பட்டாலே நழுவும் இணைப்பை நம்பி இருக்க முடியாது.

மலைப்பக்கத்தில், குலசேகரம், அருமனை, பேச்சிப்பாறை பக்கம் எல்லாம் எதிரி இடி. ஏப்ரல், மே கோடை மழையிலும் ஐப்பசி மழையிலும் இடி விழுந்த மறுநாள் அழைப்பு வந்தால், நான் முதலில் சந்தேகப்படுவது லேன் துளையை, அதாவது கேபிள் செருகும் இடத்தைத்தான். ஃபைபரின் கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது. ஆனால் பெட்டிக்கு வரும் கரண்டு வயர் வழியாகவும், மாடிக்கும் கீழுக்குமாக இழுத்த நீளமான லேன் கேபிள் வழியாகவும் அடி விழும். எந்தக் கேபிளைப் போட்டாலும் விளக்கே எரியவில்லை, கணினி மற்றபடி நன்றாக இருக்கிறது என்றால் துளை போய்விட்டது. கணினியையே மாற்றச் சொன்னால் கேட்காதீர்கள். யுஎஸ்பியில் செருகும் லேன் அடாப்டர் ஒன்று வாங்கினால் போதும்.

கணினியை மறுபடி கேட்க வையுங்கள்

கேபிளும் விளக்கும் சரி என்றால் மறுபடி கறுப்புத் திரை. முன்பு அடித்த அதே சொல், பின் ஒரு இடைவெளி, ஒரு சாய்கோடு (வலது ஷிஃப்டுக்குப் பக்கத்தில், கேள்விக்குறியோடு இருக்கும் பட்டன்), ஒட்டியே ஆர் இ எல் இ ஏ எஸ் இ. இது பழைய எண்ணைக் கைவிடச் சொல்வது. அடுத்து அதே சொல், இடைவெளி, சாய்கோடு, ஆர் இ என் இ டபிள்யூ. இது புதிதாகக் கேட்கச் சொல்வது. இரண்டாவதற்கு ஒரு நிமிடம்கூட ஆகலாம், திரையை மூடிவிடாதீர்கள். 192.168 வந்துவிட்டால் வேலை முடிந்தது.

இன்னொன்று: 169.254இல் இருக்கும் விண்டோஸ், 5 நிமிடத்துக்கு ஒருமுறை தானாகவே மறுபடி கேட்டுப் பார்க்கும். அதனால் நீங்கள் எதையோ மாற்றிய 5 நிமிடத்தில் நெட் வந்தால், கடைசியாகச் செய்ததுதான் மருந்து என்று நினைத்துவிடாதீர்கள். அதற்கு முன் செய்ததாகவும் இருக்கலாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிக் காத்திருந்து பார்ப்பதற்கு இதுவே காரணம்.

வரவில்லையா? விண்டோஸ் பட்டனோடு ஆர், பெட்டியில் என் சி பி ஏ, புள்ளி, சி பி எல். நெட்வொர்க் இணைப்புகளின் படங்கள் வரும். உங்கள் இணைப்பின் மேல் வலது கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், அதில் இன்டர்நெட் ப்ரோட்டோகால் வெர்ஷன் 4. ஐபி அட்ரஸைத் தானாகப் பெறு என்ற பொருளில் இருக்கும் முதல் தேர்வில் புள்ளி இருக்க வேண்டும். அலுவலகத்திலிருந்தோ கல்லூரியிலிருந்தோ வந்த மடிக்கணினிகளில் இங்கே யாராவது கையால் ஒரு எண்ணை எழுதி வைத்திருப்பார்கள். அப்படியானால் 169.254 வராது, அந்தப் பழைய எண்ணே பிடிவாதமாக நிற்கும். ஆனால் விளைவு ஒன்றுதான், நெட் வராது.

அதே போல, எஸ் இ ஆர் வி ஐ சி இ எஸ், புள்ளி, எம் எஸ் சி என்று அடித்தால் வரும் நீண்ட பட்டியலில் டிஎச்சிபி கிளையன்ட் என்ற பெயரைத் தேடுங்கள். எதிரே ரன்னிங் என்று இருக்க வேண்டும். கணினியை வேகமாக்குகிறோம் என்று சொல்லும் சில மென்பொருள்கள் இதை நிறுத்திவிடுவதுண்டு. கேட்பவரின் வாயைக் கட்டிவிட்டால் எப்படிக் கேட்கும்?

எனக்கு மிகவும் பிடித்த சோதனை

இதுவரையும் தீரவில்லை என்றால், சோதனைக்காக நாமே ஒரு எண்ணைக் கையால் கொடுத்துப் பார்க்கலாம். வேலை செய்யும் போனில் வைஃபை விவரத்தைத் திறந்து அதன் ஐபியையும் கேட்வேயையும் (வெளியே போகும் வாசலான ரவுட்டரின் எண்) பாருங்கள். போனின் எண் 192.168.1.5, கேட்வே 192.168.1.1 என்று வைத்துக்கொள்வோம். கணினியில் மேலே சொன்ன அதே இடத்தில் 192.168.1.240, அடுத்த வரியில் 255.255.255.0, கேட்வேயில் 192.168.1.1, டிஎன்எஸ் (இணையதளப் பெயரை எண்ணாக மாற்றித் தருவது) இடத்திலும் அதே 192.168.1.1. முதல் 3 எண்களும் போனில் இருப்பதோடு ஒத்திருக்க வேண்டும், கடைசி எண் வீட்டில் வேறு யாருக்கும் இல்லாததாக இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

இப்போது நெட் வந்தால் கேபிள், துளை, லைன் எல்லாம் நலம், முகவரி கேட்டு வாங்கும் இடம் மட்டுமே பழுது என்று நிரூபணமாகிவிட்டது. ரவுட்டரின் டிஎச்சிபியையோ கணினியில் இருக்கும் ஆன்டிவைரஸ் ஃபயர்வாலையோ பார்க்க வேண்டும். வரவில்லை என்றால் பாதையே அறுந்திருக்கிறது, கேபிளுக்குத் திரும்புங்கள். சோதனை முடிந்ததும் மறக்காமல் தானியங்கிக்கே மாற்றிவிடுங்கள்.

ஃபயர்வால் மேல் சந்தேகம் இருந்தால் சில நிமிடம் நிறுத்திப் பார்த்துவிட்டு உடனே போட்டுவிடுங்கள். அதற்கும் மசியாத கணினிக்கு, கறுப்புத் திரையை நிர்வாகியாகத் திறந்து, என் இ டி எஸ் எச், இடைவெளி, டபிள்யூ ஐ என் எஸ் ஓ சி கே, இடைவெளி, ஆர் இ எஸ் இ டி என்று ஒரு கட்டளை. பின் என் இ டி எஸ் எச், ஐ என் டி, ஐ பி, ஆர் இ எஸ் இ டி என்று நான்கையும் இடைவெளி விட்டு இன்னொன்று. இவற்றில் வரும் டி எல்லாம் டைகரின் டி. பிறகு ரீஸ்டார்ட். லினக்ஸ் வைத்திருப்பவர்கள் டெர்மினலில் ஐ பி, இடைவெளி, ஏ என்று அடித்தால் எண் தெரியும். மேலே இருக்கும் நெட்வொர்க் படத்தை அணைத்துப் போட்டாலே மறுபடி கேட்டுவிடும்.

பதில் சொல்பவர் பக்கம்

போன், கணினி எல்லாமே தவிக்கின்றன என்றால் ரவுட்டருக்குள் போக வேண்டும். அதன் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் முகவரியும் கடவுச்சொல்லும் இருக்கும். உள்ளே லேன் அல்லது டிஎச்சிபி என்ற பகுதியில், அந்த வசதி இயங்குகிறதா, எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை கொடுக்கிறது, எவ்வளவு நேரத்துக்குக் கொடுக்கிறது என்ற 3 விஷயங்களைப் பாருங்கள்.

கடைசி இரண்டும் சேர்ந்து என்ன செய்யும் என்பதைக் கன்னியாகுமரியில் ஒரு லாட்ஜில் பார்த்தேன். ஐயப்ப சீசன், தினமும் அறைகள் நிறைந்திருந்தன. காலையில் எல்லோருக்கும் நெட் வரும், மதியத்துக்கு மேல் வந்து இறங்கும் யாருக்கும் வராது. வேகம் போதவில்லை என்று நினைத்து முதலாளி பெரிய பிளானுக்கு மாறியிருந்தார். ரவுட்டரோ 100 முதல் 199 வரை, ஆக 100 எண்கள்தான் வைத்திருந்தது, ஒவ்வொன்றையும் 24 மணி நேரத்துக்குக் கொடுத்தது. சூரிய உதயம் பார்த்துவிட்டு 8 மணிக்கே கிளம்பிப் போனவர்களின் போன்கள் திருநெல்வேலியைத் தாண்டிய பிறகும் அந்த எண்கள் பேரேட்டில் அவர்கள் பேரிலேயே இருந்தன. எண்களை 20 முதல் 250 வரை ஆக்கி, நேரத்தை 2 மணியாகக் குறைத்தோம். தங்கியிருப்பவர்களின் போன்கள் ஒரு மணி ஆனதும் தாமாகவே நீட்டித்துக்கொள்ளும், போனவர்களின் எண் விரைவில் காலியாகும். அன்று சாயங்காலமே புகார் நின்றது.

நேர்மாறான கோளாறும் உண்டு: பதில் சொல்ல 2 பேர் இருப்பது. ஒரு இ-சேவை மையத்தில் 5 கணினிகளில் 3 வேலை செய்யும், 2 செய்யாது, எந்த இரண்டு என்பது நாளுக்கு நாள் மாறும். பிரின்டரையும் சிலவற்றுக்குத் தெரியும், சிலவற்றுக்குத் தெரியாது. சான்றிதழுக்கு வந்தவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். முன்பு சொன்ன முதல் கட்டளைக்குப் பின் இடைவெளி விட்டு, சாய்கோடு, ஏ எல் எல் என்று சேர்த்து அடித்தால் டிஎச்சிபி சர்வர் என்று ஒரு வரி வரும், எண்ணைக் கொடுத்தது யார் என்று அது சொல்லும். சிலவற்றில் 192.168.1.1, சிலவற்றில் 192.168.0.1. வைஃபை எட்டவில்லை என்று யாரோ பழைய ரவுட்டர் ஒன்றைப் பின் அறையில் வைத்து, லேன் துளையில் செருகிவிட்டிருந்தார்கள். அதுவும் தன் பங்குக்கு முகவரி வழங்கிக்கொண்டிருந்தது. அப்படி இரண்டாவது ரவுட்டரை வைத்தே ஆக வேண்டுமென்றால், அதன் டிஎச்சிபியை நிறுத்தி, அதற்கு 192.168.1.2 போல மோதாத எண் ஒன்றைக் கொடுத்து, அப்புறம் லேனிலிருந்து லேனுக்கு இணையுங்கள்.

பள்ளிக்கூட லேபிலோ அலுவலகத்திலோ வெள்ளையடித்து முடித்த மறுநாள் எல்லாக் கணினியும் ஒன்றாகச் செத்தால், நெட்வொர்க் சுவிட்சை, அதாவது எல்லாக் கேபிள்களும் வந்து சேரும் பெட்டியைப் பாருங்கள். எல்லா விளக்குகளும் ஒரே தாளத்தில் படபடவென்று துடித்தால், அநாதையாகக் கிடந்த கேபிள் முனையை யாரோ அதே சுவிட்சிலேயே திருப்பிச் செருகியிருக்கிறார்கள். அதை உருவினால் போதும்.

வைஃபையில் ஒரே ஒரு போன் மட்டும் சேர மறுத்தால், ரவுட்டரில் மேக் முகவரி (ஒவ்வொரு கருவியின் அடையாள எண்) வடிகட்டி, அதாவது பட்டியலில் உள்ள கருவிகளை மட்டும் உள்ளே விடும் ஏற்பாடு, போட்டிருக்கிறதா என்று பாருங்கள். புதிய போன்கள் ஒவ்வொரு வைஃபைக்கும் வேறு வேறு மேக் முகவரியைக் காட்டும். பட்டியலில் பழையது இருந்தால் உள்ளே விடாது.

கேபிள்காரரை அழைக்கும்போது

இத்தனைக்கும் பிறகும் நெட் வரவில்லை என்றால் தாராளமாக அழையுங்கள். ஆனால் "நெட் வரல்ல அண்ணே" என்று மட்டும் சொல்லாதீர்கள். முதலில் பார்த்த எண், போனுக்குக் கிடைக்கிறதா இல்லையா, ஃபைபர் பெட்டியில் எல்ஓஎஸ் (லைனில் சிக்னல் இல்லை என்பதைக் காட்டுவது) என்ற இடத்தில் சிவப்பு விளக்கு எரிகிறதா, கையால் எண் கொடுத்த சோதனையில் என்ன நடந்தது என்று 4 வரி எழுதி வாட்ஸப்பில் அனுப்பிவிட்டு அழையுங்கள். ஏணியோடு வர வேண்டுமா, வேறு பெட்டியோடு வர வேண்டுமா என்று கிளம்பும்போதே அவருக்குத் தெரிந்துவிடும்.